ட்ரோன் வாங்குமுன் பறக்கப் பழகுவோம்

எங்கள் வேளாண் கடன் மேசைக்கு முன்பெல்லாம் டிராக்டர், பவர் டில்லர், சொட்டுநீர்க் குழாய் ஆகியவற்றின் விலைப்புள்ளிகளே வரும். சில ஆண்டுகளாக அவற்றோடு ட்ரோனின் விலைப்புள்ளியும் சேர்ந்திருக்கிறது. கொண்டுவருபவர் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் இளைஞர்; சிலவேளை மகளிர் சுயஉதவிக் குழுவின் உறுப்பினர். இயந்திரத்தின் விலை, வரி, கூடுதல் பேட்டரிகளின் விலை எல்லாம் தாளில் வரிசையாக இருக்கும். அவரிடம் நாங்கள் முதலில் கேட்பது வட்டியைப் பற்றியோ பிணையைப் பற்றியோ அன்று. இதுவரை ட்ரோன் ஓட்டியிருக்கிறீர்களா என்றே கேட்கிறோம். இல்லை, இயந்திரம் வந்ததும் விற்பவர்கள் கற்றுத் தருவார்கள் என்பதே நாங்கள் அடிக்கடி கேட்கும் விடை.

இந்த வரிசை தலைகீழானது. பழகுதல் முதலில், சான்றிதழ் அடுத்து, பிறருடைய இயந்திரத்தில் ஒரு பருவம் வேலை அதன் பின், கடன் எல்லாவற்றுக்கும் கடைசியில் என்பதே எங்கள் கருத்து. கடன் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட வங்கி இப்படிச் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தவணை தவறிய கடன் வங்கியின் கணக்கேட்டில் ஒரு வரி. வாங்கியவருக்கோ அதன் விளைவு கடன் மதிப்பெண்ணில் தொடங்கி வீட்டின் உறக்கம் வரை செல்கிறது.

எடையே வகையைத் தீர்மானிக்கிறது

நம் நாட்டில் ட்ரோன்களுக்கான சட்ட அடிப்படை 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியிடப்பட்ட ட்ரோன் விதிகள் ஆகும். இவை ட்ரோன்களை, சுமையோடு சேர்த்த மொத்த எடையைக் கொண்டு பிரிக்கின்றன. 250 கிராம் வரை நானோ; அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ; 25 கிலோ வரை சிறியது; 150 கிலோ வரை நடுத்தரம்; அதற்கும் மேற்பட்டது பெரியது. நானோ ட்ரோனை ஓட்டவும், வணிக நோக்கமின்றி மைக்ரோ ட்ரோனை ஓட்டவும் விமானிச் சான்றிதழ் தேவையில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் தேவை. பொழுதுபோக்காக மைக்ரோ ட்ரோன் பறக்கவிடும் ஒருவர், அதே ட்ரோனைக் கொண்டு திருமண வீட்டில் படம் பிடித்துப் பணம் பெற்றால், அந்த நொடியே அவர் சான்றிதழ் தேவைப்படுபவராகிவிடுகிறார் என்பதைப் பலர் அறிவதில்லை.

தொடக்கநிலையினருக்கு நானோ வகையே நல்ல பள்ளிக்கூடம். விழுந்தாலும் இழப்பு சிறியது. அருகில் நிற்பவர்க்குப் பெரிய காயம் ஏற்படும் வாய்ப்பும் குறைவு. சான்றிதழ் வேண்டாம் என்பதற்காக எந்த விதியும் இல்லை என்று பொருள் கொள்ளலாகாது. கீழே சொல்லவிருக்கும் வான்பரப்பு மண்டலங்கள் கைக்குள் அடங்கும் ட்ரோனுக்கும் பொருந்தும்.

கையும் கண்ணும் பழகுதல்

முதல் சில மணி நேரத்தைக் கணினியில் ஓடும் பறத்தல் பாவனைச் செயலியில் செலவிடுவது நல்லது. அதில் நூறு முறை விழலாம். ஓர் இறக்கைக்கும் சேதமில்லை. பின்பு திறந்த மைதானத்தில், காற்று அடங்கிய அதிகாலையில், ட்ரோனின் பின்புறம் நம்மை நோக்கியிருக்க, தலை உயரத்தில் ஒரே இடத்தில் நிறுத்தப் பழக வேண்டும். இது எளிதாகத் தோன்றும். அடுத்து ட்ரோனை நம் பக்கம் திருப்பி, அதன் முகம் நம்மைப் பார்க்கும்படி நிறுத்திப் பாருங்கள். அப்போது இடமும் வலமும் மாறிவிடும். இடப்பக்கம் தள்ளினால் அது நம் வலப்பக்கம் போகும். புதியவர்களின் விபத்துகளில் பெரும்பகுதி இந்த ஒரு குழப்பத்தில் பிறக்கிறது. இதில் கை தானாகச் செயல்படும் வரை சதுரமாகவும் எட்டு வடிவிலும் ஓட்டிப் பழக வேண்டும். செயற்கைக்கோள் வழிகாட்டுதலின் துணையின்றி ஓட்டும் முறை ட்ரோனில் இருந்தால், அதிலும் பழகுங்கள். வழிகாட்டுதல் இருக்கும்போது விசையிலிருந்து கையை எடுத்தால் ட்ரோன் அங்கேயே நிற்கும். அது அற்றுப்போன நொடியில் காற்றோடு போகத் தொடங்கும்.

தொடர்பு அறுந்தால் புறப்பட்ட இடத்துக்குத் தானே திரும்பும் வசதி பெரும்பாலான ட்ரோன்களில் உண்டு. அதை ஒரு பாதுகாப்பாக மட்டுமே எண்ணிவிடுகிறோம். திரும்பும்போது ட்ரோன் நாம் முன்கூட்டியே குறித்த உயரத்துக்கு ஏறி, நேர்கோட்டில் வரும். அந்த உயரம் 20 மீட்டராகவும், வழியிலுள்ள செல்பேசிக் கோபுரம் 40 மீட்டராகவும் இருந்தால் என்ன நேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஒவ்வோர் இடத்திலும், முதல் வேலையாகச் சுற்றிலும் உள்ள மிக உயரமான பொருளைப் பார்த்து, அதற்கு மேல் அந்த உயரத்தைக் குறிக்க வேண்டும். மின்கம்பிகளைக் குறித்துத் தனியே எச்சரிக்கை தேவை. கம்பி கண்ணுக்கும் புலப்படாது, கேமராவுக்கும் எளிதில் புலப்படாது. கம்பத்தைத் தேடுங்கள், இரண்டு கம்பங்களுக்கு இடையே கம்பி இருப்பதாகவே கொள்ளுங்கள்.

சான்றிதழ்

18 வயது நிறைந்து 65 வயதுக்கு உட்பட்டவராகவும், பத்தாம் வகுப்புத் தேறியவராகவும் இருப்பவர், சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் பயின்று, தேர்வில் வென்றால் தொலைநிலை விமானிச் சான்றிதழ் பெறலாம். 2022 பிப்ரவரியில் செய்த திருத்தத்துக்குப் பின் உரிமம் என்ற சொல் போய்ச் சான்றிதழ் என்றாயிற்று. 2023 செப்டம்பரில் செய்த இன்னொரு திருத்தம் கிராமப்புற இளைஞருக்குப் பேருதவி செய்தது. அதுவரை கடவுச்சீட்டு கேட்கப்பட்டது. இப்போது வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்ற அரசு அடையாளச் சான்றுகளே போதும். சான்றிதழ் 10 ஆண்டுகள் செல்லும்.

அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி முதல் தனியார் நிறுவனங்கள் வரை நாடெங்கும் பயிற்சி இடங்கள் உள்ளன. பாடவகுப்பு, பாவனைப் பயிற்சி, களத்தில் ஓட்டுதல் எல்லாம் சேர்த்து, சிறிய வகைக்கான பயிற்சி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. கட்டணம் இடத்துக்கு இடம் மிகவும் வேறுபடுகிறது. சேருமுன் இரண்டைக் கேளுங்கள். அங்கீகாரம் இன்றும் நடப்பில் உள்ளதா? ஒரு மாணவர் தம் கையால் எத்தனை மணி நேரம் ஓட்டுவார்? இருபது பேருக்கு ஒரு ட்ரோன் வைத்துக்கொண்டு, பிறர் ஓட்டுவதைப் பார்க்க வைக்கும் வகுப்புக்குப் பணம் கட்டுவது வீண்.

மேலும், சான்றிதழ் குறிப்பிட்ட வகைக்கே வழங்கப்படுகிறது. மைக்ரோ வகைக்குப் பெற்றதைக் கொண்டு வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோனை ஓட்ட முடியாது. பத்து லிட்டர் தொட்டியோடு வரும் பல மாதிரிகள் மருந்தும் பேட்டரியும் சேர்ந்து 25 கிலோவை ஒட்டி நிற்பவை. அவற்றுக்குச் சிறிய வகைச் சான்றிதழ் வேண்டும். என்ன வேலை செய்யப் போகிறோம் என்று தீர்மானித்த பின் வகுப்பைத் தேர்வு செய்வதே முறை.

பச்சை, மஞ்சள், சிவப்பு

வான்பரப்பு மூன்று நிறங்களில் பிரிக்கப்பட்டுள்ளது. டிஜிட்டல் ஸ்கை தளத்தில் இந்த வரைபடத்தை எவரும் காணலாம். பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது ஏறத்தாழ 120 மீட்டர் உயரம் வரை முன் அனுமதி இன்றிப் பறக்கலாம். விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் இந்த வரம்பு 200 அடியாகக் குறைகிறது. 5 முதல் 8 கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே மஞ்சள். அங்கே பறக்க வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதியின்றி நுழையவே கூடாது. முக்கியப் பிரமுகர் வருகை, பாதுகாப்பு நிலைமை ஆகியவற்றை முன்னிட்டுத் தற்காலிகச் சிவப்பு மண்டலமும் அறிவிக்கப்படும் என்பதால், நேற்றுப் பச்சையாக இருந்த ஊர் இன்றும் பச்சையாகவே இருக்கும் என்று எண்ணக்கூடாது. விதிகளை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். இளைஞர் ஒருவரின் ஓராண்டு மிச்சத்தை அது விழுங்கிவிடும்.

மலிவாகக் கிடைப்பதன் விலை

ஒவ்வொரு ட்ரோனுக்கும் தனித்த அடையாள எண் உண்டு. அது ட்ரோனின் பறப்புக் கட்டுப்பாட்டுப் பெட்டி, கையிலுள்ள இயக்கக் கருவி ஆகிய இரண்டின் வரிசை எண்களோடு பிணைக்கப்படுகிறது. வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் இருப்பதைப் போன்றதே இது. பதிவுக் கட்டணம் 100 ரூபாய்தான். ஆனால் பதிவு செய்யத் தகுந்த இயந்திரமாக இருக்க வேண்டும். வணிக வேலைக்கான ட்ரோனின் மாதிரி, வகைச் சான்று பெற்றதாக இருத்தல் வேண்டும். 2022 பிப்ரவரி 9 முதல், ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகள் தவிர, முழுமையான ட்ரோன்களை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வது தடை செய்யப்பட்டுள்ளது. பாகங்களுக்கு அந்தத் தடையில்லை.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், படப்பிடிப்புத் தொழிலிலிருந்து விலகிய நண்பரிடம் வெளிநாட்டு ட்ரோன் ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கிவிட்டு, அதற்குக் காப்பீடு எடுக்க எங்களிடம் வழி கேட்டு வந்தார். அடையாள எண் இல்லை. வாங்கிய ரசீதும் இல்லை. எண் இல்லாத இயந்திரத்துக்குக் காப்பீடு இல்லை; காப்பீடு இல்லாமல் சட்டப்படி தொழில் செய்ய வழியில்லை. சேமிப்புக் கணக்கிலிருந்து அவர் எடுத்திருந்த தொகை, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒதுக்கியிருந்தது. அவருக்கு எங்களால் சொல்லக்கூடிய ஆறுதல் ஏதும் இருக்கவில்லை. பழைய ட்ரோன் வாங்குவதில் தவறில்லை. அடையாள எண் உள்ளதா, விற்பவர் பெயரில் உள்ளதா, இணையத்தளத்தில் உங்கள் பெயருக்கு மாற்றித் தருவாரா என்று பார்த்த பின்பே பணத்தை எண்ண வேண்டும்.

வரவும் செலவும்

விற்பனைப் பிரதிநிதி காட்டும் கணக்கு பெரும்பாலும் இப்படி இருக்கும்: நாளுக்கு 30 ஏக்கர், ஏக்கருக்கு 500 ரூபாய், ஆண்டுக்கு 300 நாள், மொத்தம் 45 லட்சம். எந்த ஊரில் ஆண்டுக்கு 300 நாள் மருந்து தெளிக்கிறார்கள் என்று அவரைக் கேட்க வேண்டும். காற்று பலமாக வீசினால் தெளிக்க இயலாது. மழை வந்தால் தெளித்ததும் வீண். நடுப்பகல் வெயிலில் துளிகள் இலையைச் சேருமுன்பே உலரத் தொடங்கும். உண்மையில் ஒரு நாளின் வேலை நேரம் காலையும் மாலையுமே.

எங்கள் மேசையில் நாங்கள் போடும் கணக்கு வேறு. நாளுக்கு 20 ஏக்கர், ஏக்கருக்கு 400 ரூபாய், ஆண்டுக்கு 60 நாள் என்று வைத்துக்கொள்வோம். வரவு 4,80,000 ரூபாய். உதவியாளர் கூலி, வண்டி வாடகை, பேட்டரி ஏற்றும் ஜெனரேட்டருக்கு எரிபொருள் எல்லாம் சேர்த்து நாளுக்கு 2,000 எனில் 1,20,000 போகும். 7 லட்சம் கடனை 10 விழுக்காடு வட்டியில் 5 ஆண்டுகளில் அடைப்பதாகக் கொண்டால், மாதத் தவணை 14,873 ரூபாய், ஆண்டுக்கு 1,78,476. கையில் நிற்பது 1,81,524. இதிலிருந்தே காப்பீடு, பழுது, ஓட்டுபவரின் கூலி எல்லாம். மழையால் 20 நாள் வேலை கெட்டால் அந்த மிச்சம் 61,524 ஆகச் சுருங்கும். தொழில் நடக்காது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நடக்கும், ஆனால் அந்த 60 நாள் வேலைக்கு விவசாயிகள் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

பேட்டரியைப் பற்றி விலைப்புள்ளிகளில் ஒரு வரிக்கு மேல் இருப்பதில்லை. மேற்படிக் கணக்கில் ஏக்கருக்கு ஒரு முறை பறப்பதாகக் கொண்டால், நாளுக்கு 20 பறப்புகள். ஐந்து பேட்டரித் தொகுதிகள் இருந்தால், ஒவ்வொன்றும் நாளுக்கு நான்கு முறை ஏற்றி இறக்கப்படும். 60 நாளில் 240 முறை. இவ்வகை பேட்டரிகளின் ஆயுளே சில நூறு முறைதான். ஆகவே இரண்டாம் ஆண்டிலேயே புதிய தொகுதிகளுக்கான பணத்தை எடுத்துவைக்க வேண்டியிருக்கும். ஆயுளை நீட்டவும் வழியுண்டு. பறந்து இறங்கிய சூட்டோடு மின்னேற்றக் கூடாது. ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் முழு ஏற்றம். பல நாள் சும்மா வைப்பதாயின் 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி வைக்க வேண்டும். உப்பிய பேட்டரியை மீண்டும் பயன்படுத்தினால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

குண்டூர் மாவட்டத்து இளைஞர் ஒருவரின் கோரிக்கை எங்களுக்கு நினைவில் நிற்கிறது. மிளகாய்க்குப் பெயர்பெற்ற அந்த வட்டாரத்தில் ஒரு பருவத்துக்குள் பல முறை மருந்து தெளிக்க வேண்டியிருக்கும். 2021-22 பருவத்தில் கருப்பு இலைப்பேன் தாக்கிய பின் அந்தத் தேவை இன்னும் கூடியது. அவர் முதலில் பயிற்சி பெற்றார். பின்பு வேறொருவரின் ட்ரோனில் ஒரு பருவம் கூலிக்கு ஓட்டினார். கடன் கேட்டு வந்தபோது அவர் கையில் விலைப்புள்ளியோடு ஒரு நீளக் குறிப்பேடும் இருந்தது. தேதி, வயல், ஏக்கர், பறந்த நிமிடங்கள், எந்த பேட்டரி, என்ன கோளாறு, யார் பணம் பாக்கி என அனைத்தும் அதில் இருந்தன. எத்தனையோ திட்ட அறிக்கைகளைப் படித்திருக்கிறோம். அந்தக் குறிப்பேட்டைப் போல நம்பிக்கை தந்தவை மிகச் சில. தவணையை மாதந்தோறும் என்று வைக்காமல், அறுவடைப் பணம் புழங்கும் காலத்தில் கூடுதலாகவும் மற்றக் காலத்தில் குறைவாகவும் அமைத்தோம். இப்படி அமைக்கக் கூடுமா என்று கேட்க எவரும் தயங்க வேண்டாம்.

உதவித் திட்டங்கள்

2023 நவம்பரில் மத்திய அமைச்சரவை 1,261 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் ஒப்புதல் அளித்த நமோ ட்ரோன் தீதி திட்டம், 2023-24 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்காக வகுக்கப்பட்டது. ட்ரோன் தொகுப்பின் விலையில் 80 விழுக்காடு, அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய், மானியம். எஞ்சியதை வேளாண் உள்கட்டமைப்பு நிதியின் கீழ் 3 விழுக்காடு வட்டிச் சலுகையோடு கடனாகப் பெறலாம். தொகுப்பில் நான்கு கூடுதல் பேட்டரித் தொகுதிகள், காற்றுவேகமானி, ஓராண்டுக் காப்பீடு ஆகியவற்றோடு 15 நாள் பயிற்சியும் அடங்கும். இயந்திரத்தோடு பயிற்சியையும் பேட்டரியையும் சேர்த்தே எண்ணியிருப்பதால் இத்திட்டம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. தனியாரிடம் வாங்குவோரும் விலைப்புள்ளியை இதே பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வேளாண் இயந்திரமயமாக்கல் துணைத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் ஆகியோர்க்கு 50 விழுக்காடு, 5 லட்சம் வரை; மற்ற விவசாயிகளுக்கு 40 விழுக்காடு, 4 லட்சம் வரை மானியம் உண்டு. இயந்திரங்களை வாடகைக்கு விடும் மையம் அமைக்கும் வேளாண் பட்டதாரிகளுக்கும் 50 விழுக்காடு, 5 லட்சம் வரை கிடைக்கும். இவை மாநில வேளாண் துறை வழியே, அந்தந்த ஆண்டின் ஒதுக்கீட்டைப் பொறுத்தே வழங்கப்படுகின்றன. ஆகவே ஒதுக்கீடு உண்டா என்று துறையில் கேட்டறியுமுன் விற்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். படப்பிடிப்பு, நிலஅளவை போன்ற சேவைத் தொழில்களுக்கு முத்ரா கடன் பொருந்தும்: கிஷோர் வகையில் 5 லட்சம் வரை, தருண் வகையில் 10 லட்சம் வரை.

காப்பீட்டில் இரண்டு வேறு பொருள்கள் உள்ளன. பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான மூன்றாம் நபர் காப்பீடு, நானோ தவிர மற்றவற்றுக்குக் கட்டாயம். அது உங்கள் ட்ரோன் கிணற்றில் விழுந்தால் ஒரு ரூபாயும் தராது. இயந்திரத்துக்கான காப்பீட்டைத் தனியே எடுக்க வேண்டும். ட்ரோனையே பிணையாகக் கொள்ளும் கடனில் வங்கி அதை வலியுறுத்தும். விமானிச் சான்றிதழ் இல்லாதவர் ஓட்டியபோது நேர்ந்த விபத்தானால் இழப்பீட்டுக் கோரிக்கை மறுக்கப்படலாம் என்பதையும், தம்பியிடம் இயக்கக் கருவியைக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகுமுன் நினைவிற்கொள்க.

கடன் கேட்டு வரும்போது விமானிச் சான்றிதழ், வகைச் சான்று பெற்ற மாதிரியின் விலைப்புள்ளி, பேட்டரியின் உத்தரவாத நிபந்தனைகள், அருகில் பழுது பார்க்கும் இடத்தின் முகவரி, வேலை தருவதாகச் சொன்ன விவசாயிகள் அல்லது உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். குறிப்பேடு இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். அட்டை கிழிந்து மருந்துக் கறை படிந்திருந்தாலும் பரவாயில்லை.